காற்றில் வந்த மணியோசை

காளிகாட்டில் கடை வைத்திருக்கும் என்னிடம் நம் சங்கத்து இளைஞர்கள் அடிக்கடி கேட்பதுண்டு: "ஐயா, ஜகதீச சந்திர போஸ் இந்த ஊரிலேயே கம்பியில்லாமல் கரண்டை அனுப்பிக் காட்டினாராமே! அப்புறம் எதற்கு இன்னும் கம்பி?" கேள்வி நியாயமானதே. வணிகன் கணக்காகவே விடை சொல்கிறேன்.

1895ஆம் ஆண்டு கல்கத்தா டவுன்ஹாலில் போஸ் மின் அலையைச் சுவர் கடந்து சுமார் 75 அடி தூரம் செலுத்தினார். மறுபுறம் மணி அடித்தது, வெடிமருந்து பற்றியது. ஆனால் மணியை அடித்த ஆற்றல் அலையில் வந்ததன்று. பெறுமிடத்தில் தனியே பேட்டரி இருந்தது. உணர்கருவிமேல் அலை பட்டதும் அதன் மின்தடை குறையும், சுற்று இணையும், பேட்டரி வேலை செய்யும். போஸ் அனுப்பியது ஓலைதான், சரக்கு மூட்டை அல்ல.

மூட்டையையே அனுப்ப முனைந்தவர் நிகோலா டெஸ்லா. 1901இல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் கோபுரம் எழுப்பத் தொடங்கினார். முதல் போட்ட ஜே. பி. மார்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை. 1917இல் கோபுரம் இடிக்கப்பட்டது. நாற்புறமும் பரவும் அலை நீர்த்துப் போகும். தூரம் இருமடங்கானால் கிடைப்பது கால் பங்கே. குவித்து அனுப்பினால் முடியும். 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் நுண்ணலை வழியே சுமார் 1.5 கி.மீ. தூரத்தில் 30 கிலோவாட்டுக்கு மேல் பெற்றார்கள். அதற்கு 26 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனா தேவைப்பட்டது.

சரி, வானிலுள்ள மின்சாரத்தையே அறுவடை செய்தால்? தெளிந்த நாளில் தரையருகே மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் மின்னழுத்தம் உண்டு. கேட்க வாய் ஊறும். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டரில் இறங்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 2 மைக்ரோ ஆம்பியர். மேல்வானின் 3 லட்சம் வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கினாலும் ஒரு வாட்டுகூடத் தேறாது. கட்டுப்படியாகுமா?

ஆகவேதான் 1899இல் கல்கத்தா மின்நிலையம் கம்பி வழியே மின்சாரம் கொடுத்தது. 1902இல் நம் காளிகாட்டுக்கு மின்டிராமும் கம்பியைத் தொட்டுக்கொண்டே வந்தது.

இதனால் போஸ் பெருமை குறையாது. 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை அன்றே கையாண்டவர் அவர். அந்த மில்லிமீட்டர் அலைகளை இன்று 5ஜி தொலைபேசிவரை பயன்படுத்துகிறார்கள். செய்யாததை அவர்மேல் ஏற்றிச் சொன்னால், செய்தது மறைந்துபோகும். நம் பிள்ளைகளுக்குச் செய்ததைச் சொல்வோம்.