பூணும் பொருளும்: பிரெஞ்சு வெண்கலங்களில் கிழக்காசியா

உலக்கையின் நுனியிலும் கைத்தடியின் அடியிலும் இடப்படும் உலோக வளையத்தைப் பூண் என்கிறோம். அணிகலனுக்கும் பூண் என்ற பெயர் உண்டு. காப்பும் அழகும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் சீனப் பீங்கான்களுக்குப் பொருத்தப்பட்ட வெண்கல வேலைப்பாடுகளைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் நமக்கு அகப்படாது. பிரெஞ்சு வெண்கலக் கலை கிழக்காசியாவோடு கொண்ட ஒன்றரை நூற்றாண்டு உறவை இந்தப் பூணின் வழியாகவே இங்குக் காண முயல்வோம்.

சீனப் பீங்கானும் சப்பானிய அரக்குப் பலகைகளும் கீழை வணிகக் கப்பல்களில் ஐரோப்பா சென்றன. பாரிசில் அவற்றை வாங்கி விற்றவர்கள் 'மார்ஷான் மெர்சியே' எனப்பட்ட ஆடம்பரப் பொருள் வணிகர்கள். எப்பொருளையும் தாமே செய்வதற்கு அவர்களது வணிகக் குழுவின் விதிகள் இடந்தரவில்லை. பிறர் செய்தவற்றை ஒன்றுசேர்க்கவும் அழகுபடுத்தவும் உரிமை இருந்தது. இரண்டு சீனக் கிண்ணங்களை வாயோடு வாய் கவிழ்த்து, இடையே துளையிட்ட வெண்கல வளையம் பொருத்தினால், உலர்ந்த மலர்கள் மணம் பரப்பும் கலம் ஒன்று கிடைத்துவிடும். குடுவைக்கு வெண்கல மூக்கும் கைப்பிடியும் வைத்தால் அது கெண்டியாகிவிடும். லாசார் துவோ என்னும் வணிகரின் 1748 முதல் 1758 வரையிலான நாட்கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது. மன்னர் பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய மதாம் தெ பொம்பதூர் அவருடைய முதன்மை வாடிக்கையாளர்களுள் ஒருவர் என்பதை அக்கணக்கு காட்டுகிறது.

இவ்விடத்தில் நம் நாட்டுக் கரையும் ஒரு கணம் தலைகாட்டுகிறது. சீனத்தில் செய்யப்பட்ட ஒருவகை அரக்குத் தட்டிகளை ஐரோப்பியர் இன்றளவும் 'கோரமண்டல்' என்றே அழைக்கின்றனர். அவை சோழமண்டலக் கரைத் துறைகளின் வழியே சென்றமையால் வந்த பெயர் அது. அத்தட்டிகளையும் பாரிசுத் தச்சர்கள் அறுத்து, வளைத்து, பொன்முலாம் பூசிய வெண்கல விளிம்பிட்டு அலமாரிகளாக்கினர்.

நம் இலக்கிய மரபில் மூலம் என்றும் உரை என்றும் பிரிப்போம். சீனக் கலத்தை மூலமாகக் கொண்டால் பிரெஞ்சுப் பூண் அதன் உரை. நல்ல உரை மூலத்தைத் துலக்கும். ஆரவார உரை அதனை மறைக்கும். இவ்வெண்கலங்களில் இருவகையும் உண்டு. பச்சை மெருகிட்ட ஒரு சீனக் குடுவையின் அமைதியான வளைவுக்கு மெல்லிய அடித்தட்டு மட்டும் தந்து ஒதுங்கிய கம்மியரும் இருந்தனர். கொடியும் சிப்பியும் பூவுமாக அதனைச் சுற்றி வளைத்தவர்களும் இருந்தனர்.

பூணின் ஒளிக்கு ஒரு விலையும் இருந்தது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, அக்கலவையை வெண்கலத்தின்மேல் தடவி நெருப்பில் காட்டுவர். பாதரசம் ஆவியாகிவிடும், பொன் தங்கிவிடும். ஆவி சென்ற இடம் தொழிலாளியின் நுரையீரல். கைநடுக்கமும் நோயும் அகால மரணமும் முலாம் பூசுவோரின் வாழ்வில் வழக்கமாயிருந்தன. வெண்கல வணிகரான ஆந்த்ரே ராவ்ரியோ 1814இல் இறந்தபோது, இக்கேட்டைக் குறைக்கும் வழி காண்பவருக்கென 3,000 பிராங்க் எழுதிவைத்துச் சென்றார். ஆவியை மேலிழுத்து வெளியேற்றும் உலையை வடிவமைத்த வேதியியலாளர் தார்சே 1818இல் அப்பரிசைப் பெற்றார். அரண்மனை மண்டபத்தில் மின்னிய ஒவ்வொரு பூணுக்குப் பின்னும் ஒரு நடுங்கும் கை இருந்திருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உறவின் இயல்பே மாறிற்று. 1860 அக்டோபரில் பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் பீக்கிங் அருகிலிருந்த யுவான்மிங்யுவான் அரண்மனைத் தொகுதியைச் சூறையாடின. ஆங்கிலத் தளபத்தியம் அதற்குத் தீயும் வைத்தது. பிரெஞ்சுப் படை அனுப்பிய பொருள்களைக் கொண்டு பேரரசி யூஜெனி 1863இல் ஃபோந்தேன்புளோ அரண்மனையில் தம் சீன அருங்காட்சியகத்தை அமைத்தார். கொள்ளையில் வந்த எனாமல் கலங்கள் சிலவற்றை விளக்குத் தாங்கிகளாக மாற்றும் பணியில் பாரிசின் புகழ்பெற்ற பார்பெதியென் வார்ப்பகம் ஈடுபட்டது. பூண் இப்போதும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொம்பதூரின் கலங்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டவை. இவை தீயிலிருந்து எடுத்து வரப்பட்டவை. இச்செயலை விக்தோர் உய்கோ 1861இல் எழுதிய கடிதமொன்றில் கொள்ளை என்றே கண்டித்தார் என்பதும் வரலாறு.

பெர்தினான் பார்பெதியென் 1838இல் அஷீல் கொலாசுடன் இணைந்து தம் நிறுவனத்தைத் தொடங்கியவர். சிலைகளை அளவு பிசகாமல் சிறிதாக்கும் பொறியைக் கண்டவர் கொலாஸ். கிரேக்கச் சிலைகளின் சிறுபடிகளை விற்ற அவ்வார்ப்பகமே பின்னர்ச் சீன எனாமல் முறையையும் கையாண்டது. வடிவமைப்பாளர் எதுவார் லியேவ்ரின் கைவண்ணத்தில் டிராகன்களும் யானைத்தலைக் கைப்பிடிகளும் பாரிசு வரவேற்பறைகளில் புகுந்தன. சீனம் எது, சப்பான் எது என்ற வேறுபாடு பல வேளைகளில் அங்கே பொருட்படுத்தப்படவில்லை.

அவ்வேறுபாட்டைக் கண்முன் நிறுத்தியவர் ஆன்றி செர்னூசி. இத்தாலியப் புரட்சியில் பங்கேற்றுப் பின்னர்ப் பாரிசில் வங்கியாளரானவர். 1871 முதல் 1873 வரை திறனாய்வாளர் தியோதோர் துய்ரேயுடன் ஆசியாவெங்கும் பயணம் செய்து வெண்கலங்களைத் திரட்டினார். 1868க்குப் பின் சப்பானிய அரசு ஷிண்டோ வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரித்தது. பௌத்தக் கோயில்கள் ஆதரவிழந்தன. கோயில் வெண்கலங்கள் உலோக விலைக்கே போயின. தோக்கியோவின் மெகுரோ பகுதியில் நின்ற, 4 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள அமிதா புத்தரை அவர் வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாரிசுக்குக் கொண்டுசென்றார். விலை கொடுத்தார் என்பது உண்மை. ஒரு நாட்டின் நெருக்கடி வேளையில் கொடுத்தார் என்பதும் உண்மை. 1873இல் அத்தொகுப்பு பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவர் வாழ்ந்த மாளிகை 1898 முதல் அவர் பெயரிலேயே அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அவ்வெண்கலங்களைக் கண்ட பாரிசுக் கம்மியர்கள் புதியதொரு பாடம் கற்றனர். சப்பானியக் கைவினைஞர்கள் செம்போடு சிறிதளவு பொன் கலந்து, கரைசலில் இட்டு, அதனைக் கருநீலமாக்கினர். வெள்ளி கலந்து சாம்பல் நிறமாக்கினர். மேலே பூசாமல் உலோகத்தின் உள்ளிருந்தே நிறத்தை வருவித்தனர். கிறிஸ்தோஃபிள் நிறுவனமோ 1842இலேயே மின்முலாம் பூசும் உரிமையை விலைக்கு வாங்கிச் செழித்த நிறுவனம். பொன் பூசுவதில் பெயர்பெற்ற அதே நிறுவனம், 1870களில் எமில் ரெய்பேரின் வடிவமைப்பில், பலநிற உலோகப் பதிப்புகளும் பச்சை, பழுப்பு மெருகுகளும் கொண்ட கலங்களைச் செய்யத் தொடங்கிற்று. மூங்கிலும் நாரையும் அவற்றின் மேற்பரப்பில் இடம் பெற்றன; பக்கச் சமன்பாடு தளர்ந்தது; வெற்றிடமும் அழகென ஏற்கப்பட்டது.

இதனையே இவ்வரலாற்றின் சாரமாக நாம் கருதுகிறோம். முதலில் பாரிசு கிழக்குக்குப் பொன் பூண் இட்டது. பின்னர்க் கிழக்கைப் பறித்தது. இறுதியில் பூசுவதை நிறுத்திப் பார்க்கத் தொடங்கியபோதுதான் கற்றது. கற்றவை பறித்ததை நேர்செய்துவிடவில்லை. 2015 மார்ச்சில் ஃபோந்தேன்புளோவின் சீன அருங்காட்சியகத்திலிருந்து ஏறத்தாழ 15 பொருள்கள் திருடப்பட்டன. அச்செய்தி உலகெங்கும் பரவியபோது, அவற்றுட் பல எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன என்ற பழைய வினாவும் உடன் எழுந்தது.

அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் இத்தகைய கலமொன்றைக் காண நேர்ந்தால், பூணின் வேலைப்பாட்டை மனமாரப் பாராட்டுவோம், அது பாராட்டுக்குரியதே. அதன்பின், பூணுக்குள் இருக்கும் கலம் யார் கையில், எதற்காக உருவாயிற்று என்றும் கேட்போம். மூலத்தையும் தேடிப் படிப்பவனுக்கே உரையின் அருமையும் விளங்கும், அதன் பிழையும் விளங்கும்.