பாலன்ஸ் வந்துருச்சு, ரோடு?

"சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனா ரோட்டுல ஓட்டமாட்டேன்." சென்னையிலோ கோவையிலோ பெரியவர்கள் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவராவது இதைச் சொல்வார். ரோட்டில் ஓட்டாமல் சைக்கிளை வேறு எங்கே ஓட்டுவது என்று சிரிப்பு வரும். ஆனால் அவர் சொல்வது சரிதான். இதில் இரண்டு தனித்தனி வித்தைகள் இருக்கின்றன. ஒன்று, விழாமல் இருப்பது. இன்னொன்று, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கும்போது பதறாமல் இருப்பது. முதல் வித்தையைச் சொல்லித்தர 200 வருஷமாக வாத்தியார்கள் இருக்கிறார்கள். இரண்டாவதை யார், எங்கே, எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சைக்கிளுக்குப் பெடல் வருவதற்கு முன்பே சைக்கிள் பள்ளி வந்துவிட்டது. 1817-இல் ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் செய்த இரண்டு சக்கர வண்டியில் பெடல் கிடையாது. உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். லண்டனில் டெனிஸ் ஜான்சன் என்ற கோச்சு வண்டி செய்பவர் அதைத் திருத்திச் செய்து விற்றார். வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டத் தெரியாதே? 1819-இல் அவரே பயிற்சிக்கூடமும் திறந்தார். அதே காலத்தில் லண்டன் நடைபாதைகளில் இந்த வண்டியை ஓட்டத் தடையும் வந்தது. தெருவோ கல் பாவிய தெரு, அதில் ஓட்டினால் எலும்பு கழன்றுவிடும். ஆக, கூடத்துக்குள் கற்றுக்கொண்டவர் வெளியே வந்தால் ஓட்டுவதற்கு இடம் இல்லை. இந்தக் கதை பிறகும் பலமுறை நடக்கப்போகிறது.

பெடல் வைத்த வண்டி 1869 வாக்கில் நியூயார்க்கைக் கலக்கியபோதும் இப்படித்தான். பெரிய கூடங்கள், வழவழப்பான தரை, வட்டமாகச் சுற்றும் ஆட்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டம். வெளியே அதே கல் தெரு, அதே குதிரை வண்டிகள். மோகம் சீக்கிரமே வடிந்துவிட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மாணவி ஃபிரான்ஸஸ் வில்லார்ட். அமெரிக்காவில் மதுவிலக்குக்காகப் போராடிய மிகப் பெரிய பெண்கள் சங்கத்தின் தலைவி. தாயை இழந்த துக்கம், ஓயாத வேலை, கெட்டுப்போன உடம்பு, இத்தனையோடும் இங்கிலாந்தில் தோழி லேடி ஹென்றி சோமர்செட் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அங்கேதான் 53 வயதில் சைக்கிள் பழகினார். சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயர் வைத்தார். 1895-இல் அந்த அனுபவத்தைச் சின்னப் புத்தகமாகவும் எழுதினார். முதல் நாள் மூன்று இளைஞர்கள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இவர் நடுங்கிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாராம்.

அவர் கொடுக்கும் கணக்கு துல்லியமானது. தினம் சராசரியாக 15 நிமிஷம், ஏறத்தாழ மூன்று மாதம். கற்ற வரிசை: முதலில் மிதிப்பது, பிறகு திருப்புவது, பிறகு இறங்குவது, கடைசியாக ஏறுவது. இறங்கத் தெரிந்த பிறகுதான் ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறார். பயப்படுகிறவருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடையாது என்று நினைக்கிறேன். எந்த நேரமும் நிறுத்திவிடலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். (நம்ம ஊர் வரிசை வேறு. மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து, முதலில் குரங்கு பெடல், அப்புறம் பார் மேல், கால் எட்டிய பிறகு சீட். இறங்குவதற்குத் தனிப் பாடம் இல்லை, விழுவதுதான் இறங்குவது.)

வில்லார்டின் பயத்தில் இன்னொரு சரடும் உண்டு. விழுவதைப் பற்றிய பயம் மட்டுமல்ல அது, பார்ப்பவர்களைப் பற்றிய பயமும்கூட. தலை நரைத்த ஒரு பெண்மணி, அதுவும் ஊருக்கே தெரிந்த தலைவி, இரண்டு சக்கரத்தில் தள்ளாடுவதா? இதை முதலாவதிலிருந்து பிரித்து, கண் பயம் என்று வைத்துக்கொள்வோம். ஏனென்றால் இது கடைசியில் புதுக்கோட்டையில் திரும்பி வரும். வில்லார்ட் பழகியது வீட்டுத் தோட்டத்துப் பாதையில். லண்டன் சீமாட்டிகள் 1895-இல் பாட்டர்ஸி பூங்காவில் கூட்டம் கூட்டமாக ஓட்டினார்கள். வசதி உள்ளவர்களுக்கு ரோட்டுக்குப் பதிலாகத் தோட்டமும் பூங்காவும் இருந்தன.

அடுத்தது கார் வந்த பிறகு நடந்த கதை. இங்கே பிரிட்டனைப் பார்ப்பதுதான் பயன், ஏனென்றால் பயிற்சியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது.

1934 டிசம்பரில் லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூவில் இரண்டரை மைல் நீளத்துக்குத் தனி சைக்கிள் பாதை திறந்தார்கள். போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா வந்து திறந்து வைத்தார். கடுமையாக எதிர்த்தது யார் தெரியுமா? சைக்கிள்காரர்களின் சங்கமே! இன்றைக்குத் தனிப் பாதை, நாளைக்கு ரோட்டிலிருந்தே வெளியேற்றம் என்று அவர்கள் பயந்தார்கள். பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விளைவு? பாதை போடும் யோசனைக்கு வலு சேரவில்லை. ஓட்டுபவரைத் திருத்தினால் போதும் என்ற யோசனை மட்டும் மிஞ்சியது.

1947-இல் விபத்துத் தடுப்புக்கான ராயல் சொசைட்டி பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் திறன் தேர்வு தொடங்கியது. 1958-இல் அது அரசு ஆதரவோடு நாடு முழுக்கப் போனது. பள்ளி மைதானத்தில் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், கை காட்ட வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும். பாஸ் செய்தால் சான்றிதழ், பேட்ஜ். ஒரு தலைமுறையே அந்த பேட்ஜை வைத்திருக்கிறது.

இப்போது அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். 1949-இல் பிரிட்டனில் மக்கள் ஒரு வருஷத்தில் சைக்கிளில் போன மொத்தத் தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். 1973-இல் அது சுமார் 370 கோடி. ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தேர்வால் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கார் பெருகியதால் குறைந்தது. ஆனால் மைதானத்தில் பாஸான பிள்ளை வெளியே வந்தபோது அங்கே மைதானம் மாதிரி எதுவும் இல்லை. ஜான்சன் பள்ளிக்கூடத்தின் கதைதான் மறுபடியும்.

இந்தச் சிந்தனையின் உச்சம் அமெரிக்காவின் ஜான் ஃபாரஸ்டர். (கடல் சாகச நாவல்கள் எழுதிய சி. எஸ். ஃபாரஸ்டரின் மகன்.) 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் சில சாலைகளில் சைக்கிள்காரர்களை நடைபாதைக்கு ஒதுக்கப் பார்த்தது. இவர் வேண்டுமென்றே ரோட்டில் ஓட்டி வழக்கு வாங்கிக்கொண்டார். 1976-இல் நகரச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று தடிமனாக ஒரு கையேடு எழுதினார். சைக்கிளும் ஒரு வாகனம், வாகனம் மாதிரியே நடந்துகொள் என்பது அவர் மந்திரம். சைக்கிள்காரர்களுக்கு இருப்பது தாழ்வு மனப்பான்மை, அதை உதறினால் போதும் என்றார்.

அவர் பள்ளி சொல்லித் தந்த நுட்பங்கள் இன்றும் உயிர் காப்பவை. ரோட்டின் ஓரமாக, சாக்கடை விளிம்பை ஒட்டிப் போகாதே; அப்படிப் போனால் பின்னால் வருபவர் இடித்துக்கொண்டு முந்துவார். குறுகலான இடத்தில் தடத்தின் நடுவில் போ, அவருக்கு நீ இருப்பது தெரியும். நிற்கும் கார்களின் கதவு திறந்தால் எட்டாத தூரம் விட்டு ஓட்டு. திரும்புவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார். இதெல்லாம் அண்ணா சாலைக்கும் பொருந்தும், நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையையும் அறுபது வயது அம்மாவையும் லாரிக்கு முன்னால் தடத்தின் நடுவில் ஓட்டச் சொல்ல முடியுமா? அவர்கள் மறுத்தால் அது தாழ்வு மனப்பான்மையா? ஃபாரஸ்டரிடம் இதற்குப் பதில் இல்லை. தனிப் பாதைகளை அவர் கடைசிவரை எதிர்த்தார்.

பதில் வந்தது நெதர்லாந்திலிருந்து. அங்கேயும் பயிற்சி உண்டு, பிரிட்டனுக்கு முன்பே உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கான போக்குவரத்துத் தேர்வு 1932-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் 1971-இல் மட்டும் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் செத்தார்கள். மகளை அப்படி இழந்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் 1972-இல் பிறந்தது. பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ரோட்டை மாற்று என்றார்கள். தெருக்களில் படுத்துப் போராடினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு வேகக் கட்டுப்பாடும் தனிப் பாதைகளும் ஊர் ஊராக வந்தன.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தேர்வு தொடர்கிறது. 11, 12 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தெருக்களில் உண்மையான போக்குவரத்துக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட வழியில் ஓட்டிப் போகிறார்கள். வழியில் அங்கங்கே தன்னார்வலர்கள் நின்று மதிப்பெண் போடுகிறார்கள். ஓட்டிப் போகும்படியான தெரு இருப்பதால் தேர்வைத் தெருவிலேயே வைக்க முடிகிறது. இங்கிலாந்தும் 2007-இல் பழைய தேர்வுக்குப் பதிலாக மூன்று நிலைப் பயிற்சியைக் கொண்டு வந்தது: முதல் நிலை மைதானம், இரண்டாவது அமைதியான தெரு, மூன்றாவது நெரிசலான சாலை. மைதானத்தைத் தாண்ட அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, கண் பயத்துக்கு வருவோம். நெதர்லாந்துப் பாதை அதைத் தீர்க்காது, அங்கே அந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. இங்கே இருந்தது.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லித்தர வேண்டிய பெண் தொண்டர்கள் பஸ் போகாத ஊர்களுக்கு எப்படிப் போவார்கள்? அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட வேண்டும். அதனால் சைக்கிளையும் எழுத்தறிவின் ஒரு பாகமாகவே சேர்த்தார்கள். கற்ற பெண்கள் மற்ற பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சைக்கிளைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, அதனால் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். பிள்ளையைப் பாரில் உட்கார வைக்கலாம் என்று பிறகு அதையே விரும்பியவர்களும் உண்டு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார்.

வாகனப் பயம் அங்கே பெரிதல்ல. அன்றைய புதுக்கோட்டைச் சாலைகளில் இன்றைய நெரிசல் கிடையாது. கேலிதான் பெரிது. தனியாக ஓட்டிய முதல் பெண்கள் அசிங்கமான பேச்செல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதற்கு மருந்தாக இயக்கம் கண்டுபிடித்தது கூட்டம். போட்டிகள் வைத்தார்கள், காட்சிகள் நடத்தினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்கள். ஒருத்தியைக் கேலி செய்யலாம், 1,500 பேரை எப்படிக் கேலி செய்வது? அன்றைக்கு அந்த டவுனில் சைக்கிளில் போகிற பொம்பளை என்பது பார்த்துப் பழகிய காட்சியாகிவிட்டது. மறுநாள் தனியாகப் போனவளுக்கு முந்தின நாள் ஊர்வலம் துணைக்கு வந்தது என்றே சொல்லலாம்.

சாய்நாத்தின் அந்தக் கட்டுரை பின்னாளில் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு ஹிந்திப் புத்தகத்தில் பல வருஷம் பாடமாக இருந்தது. டெல்லியிலும் லக்னோவிலும் ஹிந்தி படித்த பிள்ளைகள் புதுக்கோட்டை என்ற பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.