ஜாக் சார்ல்டன்

ஜாக் சார்ல்டன் (1935–2020) இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆஷிங்டன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்த கால்பந்துத் தடுப்பாட்டக்காரர், பின்னாளில் மேலாளர். மான்செஸ்டர் யுனைடெட்டின் பாபி சார்ல்டன் இவருடைய தம்பி. தம்பியின் நளினம் அண்ணனுக்கு இல்லை. உயரமும் பிடிவாதமும் இருந்தன. லீட்ஸ் யுனைடெட் என்ற ஒரே கழகத்துக்காக 773 போட்டிகளில் ஆடினார். தேசிய அணியில் இடம் கிடைத்தபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது. மறு ஆண்டே, 1966இல், சகோதரர் இருவரும் உலகக்கோப்பையை வென்றனர்.

1973இல் மிடில்ஸ்பரோவின் மேலாளராகி, முதல் பருவத்திலேயே அவ்வணியை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். 1977இல் இங்கிலாந்து அணியின் மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். மறுத்துக்கூட ஒரு கடிதம் வரவில்லை.

1986இல் அயர்லாந்துக் குடியரசின் அணி இவரிடம் வந்தது. ஒரு பெரிய தொடருக்கும் அதுவரை தகுதி பெறாத அணி அது. பெற்றோர் வழியிலோ பாட்டன் பாட்டி வழியிலோ அயர்லாந்து உறவுடைய ஆட்டக்காரர்களை வெளிநாடுகளிலும் தேடிச் சேர்த்தார். எதிரணித் தடுப்பாளர்களுக்குப் பின்னால் பந்தை நெடுந்தொலைவு உதைத்து, அங்கேயே அவர்களை நெருக்குவதே உத்தி. பார்க்க அழகில்லை என்றனர், அது உண்மைதான். ஆனால் 1988 ஐரோப்பியக் கோப்பையில், ஸ்டுட்கார்ட் நகரில், கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹௌட்டன் தலையால் முட்டிய ஒரே கோலில் இங்கிலாந்து தோற்றது. 1990 உலகக்கோப்பையில் வழக்கமான ஆட்ட நேரத்தில் ஒரு போட்டியைக்கூட வெல்லாமலே அயர்லாந்து காலிறுதி வரை சென்றது. 1996இல் அந்நாடு இவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது.