பஞ்சாபின் கோலும் கொட்டியாரக் கரையின் கோலும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியோரம், குருக்கள்மடம் என்றொரு ஊர் இருக்கிறது. சீக்கிய சமய வரலாற்றை எழுதுவோரில் சிலர் இந்த ஊரின் பெயரைத் தங்கள் நூல்களில் குறித்து வருகிறார்கள். சீக்கிய நெறியைத் தோற்றுவித்த குரு நானக் (1469–1539) தமது தென்திசைப் பயணத்தில் இலங்கைக்கு வந்தார், சிவநாபன் என்ற அரசனைக் கண்டு பேசினார் என்று ஜனம்சாகிகள் எனப்படும் வாழ்க்கைக் கதைகள் சொல்கின்றன. அந்தச் சந்திப்பு கிழக்குக் கரையில்தான் நிகழ்ந்தது என்பது அந்த எழுத்தாளர்களின் துணிபு. வரலாற்றாசிரியர் அனைவரும் இதை ஏற்பதில்லை. ஆனாலும் இராமேசுவரத்தில் குரு நானக் பெயரால் ஒரு குருத்வாரா இன்றும் நிற்கிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் அந்தப் பயணத்தின் நினைவு அழியவில்லை.

திருகோணமலை மக்கள் சீக்கியரை அறிந்தது வேறு கோலத்தில். இங்கு தலைப்பாகை என்பது படைவீரனின் அடையாளம். 1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் பின் வந்த இந்திய அமைதி காக்கும் படையில் சீக்கியரும் இருந்தனர். அந்தப் படையின் கடைசி அணி 1990 மார்ச் 24ஆம் திகதி இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது. அந்த ஆண்டுகளின் நினைவு பலருக்குக் கசப்பானது. அதை மறைத்துவிட்டுச் சீக்கியரைப் பற்றி இங்கு எதையும் எழுத முடியாது. ஆனால் சீருடை அணிவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மக்களிடம் ஆயுதம் பற்றிய ஓர் ஆன்மிக ஒழுக்கம் உருவாகியிருந்தது. கத்கா என்ற கோல் விளையாட்டு அந்த ஒழுக்கத்தின் பிள்ளை. சிலம்படி, சீனடி என்ற அடிமுறைகளை வைத்திருக்கும் நம் கரை, அதை உற்றுப் பார்க்க வேண்டிய வேளை இது.

உடற்பயிற்சியும் வழிபாடும் சீக்கிய மரபில் தொடக்கத்திலேயே கைகோத்துவிட்டன. இரண்டாவது குருவான அங்கத் (1504–1552) கதூர் சாகிப் என்ற ஊரில் குர்முகி எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அதே ஊரில் மல்யுத்தக் களம் ஒன்றையும் அமைத்தார் என்பது மரபு. ஏடும் களமும் ஓரூரில் பிறந்தன. ஐந்தாவது குருவான அர்ஜன் 1606இல் லாகூரில் முகலாய ஆட்சியால் கொல்லப்பட்டபோது அவருடைய மகன் ஹர்கோபிந்துக்கு வயது பதினொன்று. குருபீடம் ஏறிய அந்தச் சிறுவர் இரண்டு வாள்களை அணிந்தார். ஒன்று உலக அதிகாரத்துக்கு, மற்றது ஆன்மிக அதிகாரத்துக்கு. மீரி, பீரி என்று அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு எதிரே அவர் எழுப்பிய அகால் தக்த் இந்த இரட்டை நோக்கின் கட்டட வடிவம். காணிக்கையாகக் குதிரைகளையும் ஆயுதங்களையும் கொண்டுவரும்படி அவர் அடியார்களைக் கேட்டார்.

அவருடைய இளைய மகனுக்கு முதலில் இட்ட பெயர் தியாக் மல். 1635இல் கர்தார்பூர்ச் சண்டையில் அந்தப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் வாள் சுழற்றிய திறத்தைக் கண்டே தேக் பகதூர் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த வாள்வீரர்தான் பின்னாளில் ஒன்பதாவது குருவாகி, 1675இல் டில்லியில் கையில் ஆயுதமின்றித் தம் கழுத்தைக் கொடுத்தார். காசுமீரத்துப் பண்டிதர்களின் சமய உரிமைக்காக, அதாவது தம் சமயத்தைச் சேராதவர்களுக்காக, அவர் உயிர்விட்டார் என்று சீக்கியர் போற்றுகின்றனர். வாளை எப்போது எடுப்பது, எப்போது எடுக்காமலிருப்பது என்பதைக் கற்பிக்க இந்த வாழ்க்கை ஒன்றே போதும்.

பத்தாவது குரு கோபிந்த் சிங் 1699இல் வைசாகித் திருநாளன்று ஆனந்த்பூர் சாகிபில் கால்சா என்ற சீக்கியச் சமூக அமைப்பை நிறுவினார். 1701 முதல் ஹோலிப் பண்டிகைக்கு அடுத்த நாளை ஹோலா மொஹல்லா என்ற போர்ப்பயிற்சி விழாவாக்கினார் என்பது மரபு. இன்றும் அங்கு நீல உடை அணிந்த நிஹங் வீரர்கள் குதிரையேறி வருகிறார்கள். கோலும் வாளும் சுழல்கின்றன. பக்கத்திலேயே லங்கர் எனும் பொது அடுப்பில் வந்தவர்க்கெல்லாம் சோறு வேகிறது. சீக்கியரின் பழைய முழக்கமொன்றில் அண்டாவும் வாளும் சேர்ந்தே வருகின்றன. ஊட்டுகிற கைதான் ஆயுதம் ஏந்தத் தகுதியுள்ளது என்பது அதன் உட்கிடை.

பாய் கன்னையாவின் கதை இதற்கெல்லாம் சிகரம். ஆனந்த்பூர் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், 1704ஐ ஒட்டி, அவர் தோற்பையில் நீர் சுமந்து காயப்பட்டவர்க்கு ஊட்டினார். முகலாய வீரனுக்கும் ஊட்டினார். எதிரியை உயிர்ப்பிக்கிறார் என்று மற்றவர்கள் முறையிட, குரு அவரை அழைத்து விசாரித்தார். தமக்கு நண்பன் முகமும் பகைவன் முகமும் வேறாகத் தெரியவில்லை என்று கன்னையா சொல்ல, குரு அவரைக் கண்டிக்கவில்லை. காயத்துக்கு மருந்தையும் கொடுத்தனுப்பினார் என்கிறது மரபு. போர்க்கலையைப் பேணும் எந்தச் சமூகமும் இப்படி ஒரு கதையைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அகாரா எனப்படும் பயிற்சிக்களத்தில் இந்த நினைவுகள் சடங்காகவே உறைந்திருக்கின்றன. ஆயுதங்களை விரிப்பில் ஒழுங்காக அடுக்கி, அர்தாஸ் என்ற வேண்டுதலைச் சொல்லி, குனிந்து வணங்கிய பிறகே உஸ்தாத் எனப்படும் ஆசிரியர் கோலை எடுக்க விடுவார். முதலில் கோல் இல்லை, காலடிதான். பைந்த்ரா எனப்படும் அந்த அடிவைப்பு உடம்பில் ஊறிய பின்னர்தான் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளக் கோலும், பர்ரி என்ற சிறு கேடயமும் கைக்கு வரும். வாளும் ஈட்டியும், சுழற்றி வீசும் சக்கரும் அதற்கப்புறம். நகாரா முரசு முழங்க, அந்தத் தாளத்தில் கால் நகரும். சிலம்பம் பழகியவர் எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. இங்கும் வணக்கம் முதலில், காலடி அடுத்தது, கம்பு அதற்குப் பின். மேளம் இல்லாமல் கம்பு ஏறாது.

1849இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றியதும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று ஆயுதக் களைவு. ஏறத்தாழ ஒரு இலட்சத்து இருபதாயிரம் ஆயுதங்கள் மக்களிடமிருந்து பெறப்பட்டன. வாளுக்குப் பதில் கோல் முன்னுக்கு வந்தது; போர்முறை விளையாட்டாகவும் விழாக் காட்சியாகவும் ஒதுங்கி உயிர்வாழ்ந்தது. தென்தமிழகத்திலும் 1801இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட பின் பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. இலங்கையில் 1817–18 ஊவா வெல்லச கிளர்ச்சியை ஆளுநர் பிரவுன்றிக் ஒடுக்கியபோது சிங்களவரின் போர்க்கலையான அங்கம்பொர தடைசெய்யப்பட்டது. கண்டிய நடன அசைவுகளுக்குள் ஒளித்துத் தங்கள் அடிமுறையைக் காத்தோம் என்று அங்கம்பொர ஆசிரியர்கள் சொல்கின்றனர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்குப் பின், 2019இல்தான் அந்தப் பழைய தடையை அரசு முறைப்படி நீக்கி, அக்கலையை மரபுரிமையாக அறிவித்தது. மூன்று நாடுகள் போல் கிடந்த மூன்று நிலங்களில் ஒரே பேரரசு ஒரே காரணத்துக்காகச் செய்த காரியம் இது. மூன்றிலும் கலை பிழைத்ததற்கு ஆட்டமும் விழாவும் சடங்கும் கொடுத்த நிழலே காரணம்.

இப்போது கத்காவுக்கு நல்ல காலம். 2022 ஜூனில் அரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் களரிப்பயிற்று, தாங்-தா, மல்லகம்பம் ஆகியவற்றோடு அதுவும் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த அதே விழாவில் சிலம்பம் காட்சி விளையாட்டாக வந்தது. பெண்பிள்ளைகள் பெருமளவில் களமிறங்குகிறார்கள். 1705இல் முக்த்சர்ப் போரில் ஆண்களை வழிநடத்திய மாயி பாகோவின் வழித்தோன்றல்களுக்கு இது உரிய இடம்தான்.

ஆனால் போட்டி எதைக் காக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பட்ட அடிக்குப் புள்ளி உண்டு. அர்தாசுக்குப் புள்ளி இல்லை. தலைக்கவசம் அணிந்து தொட்டால் மதிப்பெண் என்ற விதிக்குள், வாளுக்கும் ஈட்டிக்கும் உரிய நீண்ட பாடங்கள் தேவையற்றுப் போகின்றன. தொலைக்காட்சி மேடைகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு தேங்காய் உடைக்கும் சாகசங்கள் கைதட்டல் வாங்குகின்றன. பஞ்சாபில் கத்காவுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: போட்டி முடிந்தாலும் பிள்ளை திரும்பிப் போக குருத்வாரா முற்றம் உண்டு, குருமாரின் நினைவு விழாவான குருபூரப் ஊர்வலத்தில் குரு கிரந்த் சாகிப் என்ற மறைநூலுக்கு முன்னால் கோல் சுழற்றும் கடமை உண்டு. பதக்கம் கிடைக்காத பிள்ளையும் அந்த ஊர்வலத்தில் நடக்கிறான். கத்காவின் உண்மையான அரண் அதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அந்த முற்றம் திருகோணமலையில் இல்லாமலில்லை. கொட்டியாரக் குடாவைச் சுற்றிய தமிழ் ஊர்களில் சிலம்படி இருந்தது. மூதூர், கிண்ணியா போன்ற முஸ்லிம் ஊர்களில் சீனடியும் பொல்லடியும் பெருநாளோடும் திருமண ஊர்வலத்தோடும் சேர்ந்தவை. கலையைக் கற்பிக்கும் அண்ணாவிமாரின் கை பிடித்துத்தான் அவை தலைமுறை கடந்தன. வெருகல் முருகன் தம் பெயரிலேயே சித்திர வேலாயுதத்தைத் தாங்கியவர். ஆயுதத்தை இறைவடிவாக வணங்கும் மனம் நமக்குப் புதிதன்று. நாந்தேட் ஹசூர் சாகிபில் குரு கோபிந்த் சிங்கின் ஆயுதங்களைக் கருவறையில் வைத்துப் போற்றும் சீக்கியரை, வேலுக்கு முன் கைகூப்பி நிற்கும் வெருகல் அடியார் எளிதில் புரிந்துகொள்வார். நவராத்திரி நாட்களில் நகரமெங்கும் கும்பம் வைத்து வழிபடும் கும்பத்துமால்கள் எழுகின்றன. இரவில் மேளம் முழங்கக் கும்பம் தாங்கியோர் ஆடி வருகிறார்கள். ஆயுத பூசையின் பொருள் விளங்கக் கம்பு வீசுவோர்க்கு அந்த வீதிகளைப்போல் பொருத்தமான களம் வேறில்லை.

முற்றங்கள் இருந்தும் இக்கலைகள் ஏன் மெலிந்தன? கம்புப் பயிற்சி மாலை மங்கிய பின் விளக்கொளியில் நடப்பது. போரின், ஊரடங்கும் சோதனைச் சாவடியும் நிறைந்த மூன்று தசாப்தங்களில் இளைஞன் கையில் தடியோடு இரவில் நிற்பது உயிருக்கு ஆபத்து. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கிண்ணியாவை உலுக்கியது. 2006இல் போரால் சம்பூரும் மூதூரும் இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்கள் தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. முகாமில் குடும்பம் பிழைக்கலாம், அடிமுறை பிழைக்காது. அதற்கு நிலையான ஒரு மண்தரையும், மாலைதோறும் வந்து நிற்கும் அதே பிள்ளைகளும் வேண்டும். கற்பித்தவர் முதுமையில் ஒதுங்கினார், கற்க வேண்டியவர் கடல்கடந்து போனார்.

எனவே பாதுகாப்பு என்ற சொல்லை மேடைக் கலைநிகழ்ச்சியோடு நிறுத்திவிடக் கூடாது. அண்ணாவிமாரிடம் இருப்பது அடிவரிசை மட்டுமன்று. சுளுக்குக்கும் முறிவுக்கும் அவர்கள் இடும் பற்று, காய்ச்சும் எண்ணெய், மாணவனைச் சேர்க்கும்போது கேட்கும் வாக்குறுதி, எவனுக்குக் கற்பிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம் ஒரே உடம்பின் உறுப்புகள். இந்த முழுமையைத்தான் சீக்கியர் அண்டாவும் வாளுமாகக் காத்தார்கள். காட்சிக்கு அடிவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் எஞ்சுவது உடற்பயிற்சி.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அழகியல் கற்கைகளுக்குக் கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரிலான நிறுவகம் இருக்கிறது. முதிய அண்ணாவிமாரின் அடிவரிசைகளை அவர்களுடைய சொந்த முற்றத்திலேயே, அவர்கள் கூறும் ஏவற்சொற்களோடும் மேளத்தோடும் முழுமையாகப் படம்பிடிப்பதை அவை தொடங்கலாம். பதிவின் ஒரு பிரதி ஊர்ப் பாடசாலையிலும் இன்னொன்று கோயிலிலோ பள்ளிவாசலிலோ இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை சீனடியையும் முஸ்லிம் பிள்ளை சிலம்படியையும் பார்க்க வாய்ப்புள்ள மாவட்டம் இது. அங்கம்பொர ஆசிரியரையும் அதே களத்துக்கு அழைக்கலாம். பஞ்சாப் அகாராக்களிலிருந்து ஓர் உஸ்தாதும் அவருடைய மாணவியரும் ஒரு நவராத்திரிக்கு இங்கு வந்தால், திருகோணமலையின் நினைவில் துப்பாக்கியோடு நிற்கும் தலைப்பாகைக்குப் பக்கத்தில் துப்பாக்கி இல்லாத ஒன்றும் வந்து நிற்கும். வந்தவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது கோயில் மடப்பள்ளியும் அன்னதானப் பந்தியும். கம்பு அதற்கு அடுத்த மாலை.