பொதி சுமந்த நாய்கள்



பெரிய நாய் வளர்க்கும் பெற்றோர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். நடைக்கு அழைத்துச் செல்லும்போது நாயின் மேல் மாட்டிவிட, இரு பக்கமும் பை தொங்கும் முதுகுப்பைகள் இப்போது விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றுள் எதை வாங்குவது? தன் தண்ணீர்ப் புட்டியையும் பந்தையும் நாயே சுமந்து வரவேண்டும் என்பது அவர் மகனின் ஆசை. நான் விலங்கு மருத்துவனும் அல்லேன், கடைக்காரனும் அல்லேன். வரலாறு படிப்பதில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியன். ஆகவே, நாயின் முதுகில் மனிதன் எங்கே பொதி ஏற்றினான், அதனால் நாய்க்கு என்ன நேர்ந்தது என்று தேடிப் படித்தேன். படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் வழக்கில் பொதிமாடு உண்டு, பொதிக்கழுதை உண்டு. பொதிநாய் என்றொரு சொல்லை நான் கேட்டதில்லை. நமக்கு நாய் என்றால் காவலும் வேட்டையும்தான். ஆனால், வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு நாயே சுமை விலங்காக இருந்தது. அவர்களிடம் வளர்ப்பு மாடு இல்லை, கழுதை இல்லை. அந்நிலத்தில் பழங்காலத்திலேயே அழிந்துபோன குதிரை, ஐரோப்பியரின் கப்பல்களில்தான் மீண்டும் வந்து இறங்கியது.

1541ஆம் ஆண்டில் கொரோனாதோ என்ற இசுபானியத் தளபதி பொன் விளையும் நகரங்களைத் தேடிக்கொண்டு அப்புல்வெளிக்குள் புகுந்தார். பொன் கிடைக்கவில்லை. ஆனால், அவருடன் சென்ற காஸ்தான்யேதா என்பவர் எழுதி வைத்த பயணக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. காட்டெருமை மந்தைகளைப் பின்தொடர்ந்து இடம் மாறிக்கொண்டே இருந்த மக்களை அவர் அங்கே கண்டார். அவர்களுடைய கூடாரங்களை நாய்கள் சுமந்தன. நாய்களுக்குச் சேணமும் வயிற்றுப்பட்டையும் கட்டியிருந்தார்கள். பொதி ஒரு பக்கம் சரிந்துவிட்டால் நாய் ஊளையிட்டு ஆளை அழைக்குமாம். யாரேனும் வந்து சரிசெய்ய வேண்டுமாம். இன்று நாய்க்குப் பை வாங்குவோர் எல்லாரும் முதலில் படிக்க வேண்டிய குறிப்பு இதுவே என்பேன்.

அதே படையெடுப்பைப் பற்றிய வேறொரு பழைய அறிக்கை இன்னும் இரண்டு செய்திகளைத் தருகிறது. நாயின் அளவைப் பொறுத்து, பொதி 35 முதல் 50 இராத்தல் வரை இருந்ததாம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 16 முதல் 23 கிலோ. அது மட்டுமன்று; கூடாரக் கழிகளையும் அந்நாய்கள் தரையில் இழுத்துச் சென்றன. இரண்டாவது செய்தி, சுமை மாடுகளுக்கு வருவதைப் போலவே அந்நாய்களின் தோள்மேட்டில், அதாவது கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில், வார் உரசிப் புண் உண்டாகியிருந்தது என்பது.

இவ்விரு குறிப்புகளையும் நான் சேர்த்தே படிக்கிறேன். கூப்பிட்டால் ஓடிவந்து சேணத்தைச் சரிசெய்த அதே மக்களிடையேதான் புண்பட்ட நாய்களும் இருந்தன. பழங்குடியினர் என்றால் விலங்குகளோடு ஒன்றி வாழ்ந்தவர்கள் என்று உருகுவோரும் உண்டு. கொடியவர்கள் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டும் பொருந்தவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை. நம் நண்பருக்கோ தம் புட்டியைத் தாமே தூக்கிக்கொள்ளும் வழி எப்போதும் திறந்திருக்கிறது! நாயின் சுமையை அளக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

முதுகில் ஏற்றுவதைவிட இழுக்கச் செய்வது நாய்க்கு எளிது என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தார்கள். இரண்டு கழிகளின் முனைகளை நாயின் தோளுக்கு மேலே சேர்த்துக் கட்டி, மறுமுனைகளைத் தரையில் இழுபட விட்டு, நடுவே ஒரு தட்டி அமைத்து அதில் விறகையும் இறைச்சியையும் வைத்தார்கள். மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த இடாட்சா மக்களிடையே இந்த இழுவைச் சட்டத்தைச் செய்தவர்களும் நாய்களைப் பழக்கியவர்களும் பெண்களே. அவ்வினத்தைச் சேர்ந்த 'எருமைப் பறவைப் பெண்' என்னும் மூதாட்டி தம் இளமைக்கால நாய்களைப் பற்றி கில்பர்ட் வில்சன் என்ற ஆய்வாளரிடம் விரிவாகச் சொன்னார். அது 1924இல் நூலாக வெளிவந்தது. வீட்டுப் பெண்ணின் வாய்மொழி வரலாற்று ஆவணமாக நிலைபெற்றதை நம் மாணவர்களுக்கும் சொல்லலாம்; அவர்கள் வீட்டிலும் பாட்டிமார் இருக்கிறார்கள்.

பின்னாளில் குதிரை பரவியபோது நாயின் சுமை இறங்கியது. புதிதாக வந்த விலங்குக்கு அம்மக்கள் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? லகோட்டா மொழியில் குதிரைக்கு வழங்கும் சொல்லின் பொருள் 'புனித நாய்'. பிளாக்ஃபுட் மொழியிலோ 'கடமான் நாய்'. சுமை தூக்குவது எதுவோ அது நாய்தான் என்னும் அளவுக்கு நாய் அவர்களுடைய சொல்லாட்சியில் ஊறியிருந்தது. (மேற்குக் கனடாவின் தால்தான் மக்களிடம் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று இருந்தது. கரடி வேட்டைக்குப் போகும்போது தங்கள் சிறிய நாய்களைப் பையிலிட்டு மனிதர்கள் சுமந்து சென்றார்கள், அவை களைத்துவிடாமல் இருப்பதற்காக.)

சுமையால் நாயின் முதுகெலும்பு கெடுமா? பழைய குடியிருப்புகளில் தோண்டியெடுத்த நாய்களின் முதுகெலும்பில் முள்போன்ற வளர்ச்சிகளைக் கண்ட தொல்லியலாளர் பலர், இவை சுமை தூக்கிய நாய்கள் என்று நெடுங்காலம் முடிவு கட்டிவந்தனர். 2019இல் லேத்தம், லோசி என்னும் இரு ஆய்வாளர்கள், சுமையே அறியாத நாய்களின் எலும்புகளையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தனர். அவற்றிலும் அதே வளர்ச்சிகள் இருந்தன. வயது முதிர முதிர அவை மிகுந்தன. ஆகவே அந்த எலும்பை மட்டும் வைத்து நாய் சுமந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. சுமை தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. புண்ணும் தசைவலியும் எலும்பில் பதிவாவதில்லை.

ஐரோப்பாவைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இலண்டன் சாரிங் கிராசிலிருந்து 15 மைல் தொலைவுக்குள் நாய் வண்டிகளை 1839ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1854இல் அத்தடை விரிவாக்கப்பட்டது. கடலுக்கு அப்பால் பெல்ஜியத்திலோ நாய்கள் இருபதாம் நூற்றாண்டிலும் பால் வண்டி இழுத்தன. 1914இல் இயந்திரத் துப்பாக்கிகளையும் இழுத்தன. முதல் உலகப் போரில் மருத்துவப் பணி செய்த நாய்கள் இரு பக்கமும் சிறு பைகளில் கட்டுத்துணி சுமந்து, காயமுற்றுக் கிடந்தவர்களைத் தேடிச் சென்றன. இன்றைய கடைப்பையின் வடிவம் ஏறக்குறைய அதுதான். அப்பைகள் சிறியவை என்பதைக் கவனியுங்கள்.

இனி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நாய் நிற்கும்போது அதன் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள முதுகு, தூணில்லாப் பாலம். ஆகவே எடை தோளையொட்டி முன்பக்கம் அமரும் பையே நல்ல பை. பார்க்க அழகாக முதுகின் நடுவில் படுத்துக்கொள்ளும் பையை வாங்க வேண்டா. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். வார் அக்குளில் உரசக் கூடாது. பையின் அடிப்பகுதி முழங்கையில் இடிக்கக் கூடாது. ஓய்வின்போது பைகளை மட்டும் கழற்றிவிடக் கூடிய வகை கிடைத்தால் சற்று விலை கூடினாலும் தாழ்வில்லை.

எடையைப் பொறுத்தவரை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நலம். 30 கிலோ நாய்க்கு 3 கிலோ, அதாவது ஒன்றரை லிட்டர் புட்டி பக்கத்திற்கு ஒன்று. 1541இன் பொதியை அதே நாயின் மேல் ஏற்றினால் அதன் உடல் எடையில் பாதிக்கும் மேலாகிவிடும். முதல் சில நாள் வெறும் பையோடு நடத்திப் பழக்குங்கள். ஒரு புட்டியிலிருந்து மட்டும் குடித்துத் தீர்க்காமல் இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றிக் குடித்தால் பொதி சரியாது. பெரிய இன நாய்களின் எலும்பு முதிர ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்கு முன் பை வேண்டா. முதிய நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் மாட்ட வேண்டா. நம் நாட்டு வெயிலில் இன்னொன்றும் உண்டு. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. முதுகை மூடும் துணி அந்தச் சூட்டைக் கூட்டும். பையோடு நடப்பது விடியற்காலையில் மட்டும் இருக்கட்டும்.

பள்ளிப்பை கனத்தால் பிள்ளை தோள் வலிக்கிறது என்று நம்மிடம் சொல்லிவிடும். புல்வெளி நாய்கள் ஊளையிட்டுச் சொல்லின. வீட்டு நாய்கள் பல, அழைத்துச் செல்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் எதையும் காட்டிக்கொள்ளாமல் நடந்துவிடும். ஆகவே வீடு திரும்பிப் பையைக் கழற்றியதும், அந்தச் சிறுவனே தோள்மேட்டிலும் அக்குளிலும் முடியை விலக்கிப் பார்க்கட்டும். தோல் சிவந்திருந்தாலோ, தொட்டதும் நாய் விலகினாலோ, மறுநாள் புட்டியை அவனே தூக்கிக்கொள்ளட்டும்.