ரேமண்ட் லாய்டும் ஒரு ஜோடி கையுறையும்

ஆறாவது படிக்கும்போது எங்க ஸ்கூல் கிரவுண்டில் ஒரு மேஜிக் ஷோ போட்டாங்க. பெட்டிக்குள்ள ஒரு பொண்ணைப் படுக்க வெச்சு ரெண்டா அறுத்தார் அந்த மாயாஜாலக்காரர். கைதட்டல் மொத்தமும் அவருக்குத்தான். உள்ளே படுத்திருந்த பொண்ணுக்கு ஒரு கும்பிடு போடக்கூட நேரம் தரலை. ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது, அந்த வித்தையில் கஷ்டமான வேலையெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கிறவங்களோடதுன்னு. (எப்படின்னு சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம், ஹி ஹி.)

இந்த வித்தையை செல்பிட் என்கிற மேஜிக்காரர் 1921 ஜனவரியில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் அரங்கில் மக்கள் முன்னாடி செஞ்சு காட்டினார். பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடின கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டைப் பெட்டிக்குள்ள படுக்கக் கூப்பிட்டாராம், விளம்பரத்துக்காக. அந்தம்மா மறுத்துட்டாங்க. இதிலேயே அந்தக் காலத்து மனசு தெரிஞ்சிடுது இல்லையா?

விஷயத்துக்கு வரேன். பிரிட்டனில் மேஜிக்காரர்களுக்கு 'மேஜிக் சர்க்கிள்'னு ஒரு சங்கம் இருக்கு. 1905ல் லண்டனில் பினோலி என்கிற ரெஸ்டாரண்டில் கூடிப் பேசி ஆரம்பிச்சது. மேடையில் யானையை மறைக்கிறவரும் சரி, டேபிள் பக்கத்தில் நின்னு சீட்டுக்கட்டை வெச்சு விளையாடறவரும் சரி, அதில் சேர்றதைப் பெரிய கௌரவமா நினைப்பாங்க. காசு கட்டினா மட்டும் சேர்ந்துட முடியாது, பரீட்சை உண்டு. இளவரசரா இருந்த சார்லஸே 1975ல் கோப்பையும் பந்தும் வித்தையைச் செஞ்சு காட்டித்தான் உள்ளே போனார்.

ரகசியத்தை வெளியே சொல்லாதேங்கிறதுதான் இவங்க தாரக மந்திரம். அதில் ரொம்பக் கறார். முதல் தலைவரா இருந்த டேவிட் டெவாண்ட், தன்னோட சொந்த வித்தைகளோட ரகசியத்தை எழுதினார்னு அவரையே வெளியேத்தினாங்க. சொந்த வித்தைங்க!

தங்களை யாரும் ஏமாத்த முடியாதுன்னு ஒரு கெத்தும் உண்டு. 1934ல் நம்மூர்க் கயிறு வித்தையை (கயிறு அந்தரத்தில் நிக்க, பையன் ஏறி மறைவானே, அதேதான்) லண்டனில் செஞ்சு காட்டினா 500 கினி பரிசுன்னு அறிவிச்சாங்க. ஒரு கினின்னா ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. அதைப் பத்தி விவாதிக்கக் கூடின கூட்டத்துக்குத் தலைமை யார் தெரியுமா? ஆம்ப்டில் பிரபு. 1900லிருந்து 1906 வரைக்கும் நம்ம மெட்ராஸ் கவர்னரா இருந்தாரே, அவரேதான். அவ்வளவு தீவிரமா புளுகைத் தேடிப் பிடிக்கிற ஆட்கள்.

இவ்வளவு இருந்தும் ஒண்ணு மட்டும் இல்லை. பெண் உறுப்பினர். 1905லிருந்து 86 வருஷம் ஒருத்தர்கூடக் கிடையாது.

ஜென்னி வின்ஸ்டன்லினு ஒரு பெண் மேஜிக்காரர். மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்குத் தொழில் தெரிஞ்சவங்க. உள்ளே விடமாட்டேங்கிறாங்களேன்னு கோபம். ஆம்பளை வேஷம் போட்டுப் போகலாம், ஆனா தன்னால் முடியாதுன்னு தோணியிருக்கு. அதனால சோஃபி லாய்ட்னு ஒரு இளம் நடிகையைப் பிடிச்சாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து 'ரேமண்ட் லாய்ட்'னு ஒரு பையனை உருவாக்கினாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷத் தயாரிப்பு. விக், உடம்பு வாகை மாத்தற உள்ளுடுப்பு, தாடை அகலமாத் தெரியறதுக்கு வாய்க்குள்ள அடைப்பு, குரலிலும் மாற்றம். எல்லாம் சரி, கைக்கு என்ன பண்றது? விரலைப் பார்த்தா பொண்ணுன்னு தெரிஞ்சுடுமே. அதனால கையுறை.

இந்த இடத்தில்தான் நான் அசந்து போயிட்டேன். கைவித்தைங்கிறதே விரல் நுனி சமாச்சாரம். சீட்டு நழுவறதை, நாணயம் ஒளியறதைத் தோல்தான் உணரும். கையுறை மாட்டிக்கிட்டு அதைச் செய்யறது, அரிசியில் கல் பொறுக்கறதைக் கையுறையோட செய்யற மாதிரி. மத்தவங்க வெறுங்கையோட எழுதின பரீட்சையை இந்தப் பொண்ணு அப்படித்தான் எழுதியிருக்கு.

1991 மார்ச்சில் பரீட்சை. இருபது நிமிஷ ஷோ. முடிஞ்சதும் ஓடிடலாம்னு பார்த்தா, தேர்வாளரோட உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வேண்டியதாப் போச்சு. அதையும் தாண்டி, ரேமண்ட் பாஸ்! உறுப்பினர் ஆயாச்சு.

அதே வருஷம் அக்டோபரில் பெண்களையும் சேர்க்கலாம்னு சங்கம் முடிவெடுத்தது. சரி, இப்போ உண்மையைச் சொல்லலாம்னு இவங்க வெளியே வந்தாங்க. தன்னையே ஏமாத்தின சாமர்த்தியத்தைப் பார்த்து சங்கம் கைதட்டியிருக்கணும். கைதட்டலை. வேணும்னே ஏமாத்தினாங்கன்னு ரேமண்டைத் தூக்கிட்டாங்க. ஏமாத்தறதையே கலையா வெச்சிருக்கிற சங்கம், ஏமாத்தினதுக்காக!

நியாயமாப் பார்த்தா அவங்க பக்கமும் ஒரு பேச்சு இருக்கு. ரகசியம் காக்கிற இடத்தில் உறுப்பினர் மேல நம்பிக்கைதான் அஸ்திவாரம், பொய்ப் பேரில் வந்தவரை எப்படி வெச்சுக்கறதுன்னு கேட்கலாம். ஆனா உண்மைப் பேரில் வந்தா கதவே திறக்காதே, அப்புறம் வேற எப்படி வர்றது? சாஃப்ட்வேர்க்காரன் கணக்கில் சொன்னா, ஓட்டை இருக்குன்னு காட்டின டெஸ்டரை வேலையை விட்டு அனுப்பிட்டு, ஓட்டையை நாங்களே அடைச்சுட்டோம்னு மெயில் போடற கதை. (இப்படி மெயில் வாங்கினவன் சொல்றேன், நம்புங்க.)

அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல அமைதி. சங்கத்துக்கு முதல் பெண் சேர்மனா வந்த லாரா லண்டன், அந்த சோஃபி இப்போ எங்கேன்னு தேட ஆரம்பிச்சாங்க. ஸ்பெயினில் இருந்தாங்களாம். 2025 ஏப்ரலில் லண்டனுக்குக் கூப்பிட்டு, வருத்தம் தெரிவிச்சு, உறுப்பினர் சான்றிதழைக் கொடுத்தாங்க. ரேமண்ட் பேரில் இல்லை, சோஃபி பேரில். அப்போ வந்த செய்திகளின்படி, சுமார் 1,700 உறுப்பினர்களில் பெண்கள் வெறும் 5 சதவீதம்தான்.

இந்த மெம்பர்ஷிப்பை முதலில் ஆசைப்பட்டுக் கேட்டது சோஃபி இல்லை, ஜென்னி. திட்டம் அவங்களோடது, கோபமும் அவங்களோடது. 2004ல் ஒரு கார் விபத்தில் ஜென்னி போயிட்டாங்க. சோஃபி அந்தச் சான்றிதழை ஜென்னிக்காகத்தான் வாங்கிக்கிறேன்னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க.

பி.கு: எங்க ஸ்கூலில் பெட்டிக்குள்ள படுத்திருந்த அந்த அக்கா பேரை அன்னிக்கு யாரும் மைக்கில் சொல்லலை. மாயாஜாலக்காரர் பேரு பேனரில் மூணடி உயரத்துக்கு இருந்தது.