கைலான்: இலைக்கோளாறுகளும் பராமரிப்பும்

கைலான் கடுகுக் குடும்பத்து இலைக்காய்கறி. மேலைநாட்டுக் கேல், அதாவது பரட்டைக்கீரைக்கு உடன்பிறப்பு. சுருட்டை இலைக் கேல் குளிரை விரும்புவது. பேராக் மாநிலம் மஞ்சோங் மாவட்டத்து ஆயர் தாவாரின் வெக்கையில் அது சரியாகத் தேறாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இந்தத் தாழ்நிலத்தில் வீட்டுக் கொல்லைக்கு உகந்தது கைலானே.

வகைப்பாடு: கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே சுருட்டை இலை, வழுவழுப்பான இலை, காட்டு வகை என கோசு வகைக் கீரையை மூன்றாகப் பிரித்திருந்தார். 1753இல் லின்னேயஸ் முட்டைக்கோசுக்கும் அதன் உறவுகளுக்கும் பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே பெயரிட்டார். நூல்கோல், காலிஃபிளவர், கேல் எல்லாம் இதில் அடங்கும். 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பெய்லி கைலானைத் தனி இனமாக்கினார். ஆனால் அதற்கும் முட்டைக்கோசைப் போல 18 குரோமோசோம்கள்தாம். இரண்டும் தடையின்றிக் கலந்து கருவுறும். ஆகவே கைலான் முட்டைக்கோசு இனத்தின் ஒரு வகையே. கொல்லையில் செடி வைப்பவருக்கும் இந்தச் செய்தி தேவை. முட்டைக்கோசைத் தின்னும் புழு கைலானையும் தின்னும். ஒன்று அழுகிய பாத்தியில் மற்றொன்றை நட்டால் அதுவும் அழுகும்.

வைரமுதுகு அந்துப்பூச்சி: பொடி ஜன்னல் வைத்தாற்போல் இலை ஓட்டையாகிறதென்றால் பெரும்பாலும் இதன் புழுவே காரணம். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் நீளப் பச்சைப் புழு தெரியும். விரலால் தொட்டதும் துள்ளி நெளிந்து, நூல்விட்டுக் கீழே தொங்கும். இளம்புழு அடித்தோலை மட்டும் சுரண்டித் தின்பதால் மேல்தோல் கண்ணாடித்தாள் போல மிஞ்சும். தாழ்நில வெப்பத்தில் ஒரு தலைமுறை முடியச் சுமார் இரண்டு வாரம் போதும். அதனால்தான் மருந்துக்கு இது இவ்வளவு விரைவில் பழகிவிடுகிறது. 1953இல் ஜாவாவில் டிடிடிக்கு மசியாத முதல் பயிர்ப்பூச்சி இதுவே. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்துக்கும் ஹவாய் வயல்களில் எதிர்ப்பு காட்டியது 1990இல் பதிவானது. கேமரன் மலையில் 1970களில் கொண்டுவந்து விடப்பட்ட டயடெக்மா ஒட்டுண்ணிக் குளவி குளிரில் நன்கு வேலை செய்தது. தாழ்நில வெப்பம் அதற்கு ஒத்துவராது. ஆயர் தாவாரில் நம்பத்தக்கவை இரண்டு: நட்ட நாளிலிருந்தே நுண்வலை, காலையில் இலையைத் திருப்பிப் புழுவை நசுக்கும் கை. மருந்து தெளித்தே ஆகவேண்டுமானால் நுண்ணுயிர் மருந்தை மாலையில் தெளிக்கவேண்டும். வெயில் அதைச் சிதைத்துவிடும்.

கருப்பழுகல்: இலை ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி மஞ்சள் முக்கோணம் இறங்கும். அதற்குள் நரம்புகள் கருத்துக் கோடு போட்டிருக்கும். காம்பை வெட்டினால் உள்ளே கருவளையம் தெரியும். இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை 1895இல் அயோவாவில் தாவரவியலாளர் பம்மல் விவரித்தார். இன்று அது சாந்தோமோனாஸ் எனப்படுகிறது. விதை வழியாகவும் மழைத்தெறிப்பாலும் பரவும் இந்நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற செடியைப் பிடுங்கி எரிக்கவேண்டும், எருக்குழியில் போடக்கூடாது. விதையை 50 டிகிரி செல்சியஸ் நீரில் 20 நிமிடம் ஊறவைப்பது முன்காப்பு. அதே மண்ணில் இரண்டாண்டுக்குக் கோசு இனம் எதையும் நடாமல் கத்தரி, வெண்டை போடலாம்.

பிற: அடிச்சாம்பல் நோய் இலையின் அடியில் வெண்ணிறப் பூசணமாகத் தெரியும், நெருக்கி நட்டதும் மாலையில் இலைமேல் ஊற்றிய நீரும் காரணம். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். நோயில்லாமலும் இலை மஞ்சளாகும். அடியிலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை. நரம்பு பச்சையாயிருக்க இடைவெளி வெளிறினால் மக்னீசியக் குறை. புளித்த மண்ணில் இளந்தளிர் வாலாகக் குறுகினால் மாலிப்டினக் குறை. அதற்குச் சுண்ணாம்பு இடவேண்டும். மக்காத கோழி எரு வேரைச் சுடும், இலை ஓரம் கருகும். இப்போது பலர் பையிலும் தொட்டியிலும் வளர்ப்பதால் கெட்ட மண்ணை மாற்றுவது எளிதாகிவிட்டது.